ஓய்வு நாளும் வெல்டிங் மெஷினும்



லீவு நாளில் ஓய்வெடுப்பது எப்படி என்று எழுதப் போகிறேன். "இதுக்கெல்லாம் கட்டுரையாடா?" என்று பக்கத்து பெஞ்சு நண்பன் சிரித்தான். சிரிக்கட்டும். எனக்கு அது தெரியாமல் ஒரு வருடம் வீணாகப் போனதால்தான் எழுதுகிறேன்.

காலேஜ் விட்டதும் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறேன். செமஸ்டர் ஃபீஸ் அதில்தான். இரண்டுக்கும் சேர்த்து விடுமுறை ஞாயிறு ஒருநாள். அதையும் படுத்தே கழித்தேன். உடம்பு பாயில், மனசு பட்டறையில். பாதியில் விட்டு வந்த கேட்டுக்குக் கீல் சரியாகப் பிடித்திருக்குமா? ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து வாங்கவில்லையே? செல்போனை நோண்டினாலும் இது போகாது. திங்கள் காலை அடித்துப் போட்ட மாதிரி எழுந்திருப்பேன்.

வெல்டிங் மெஷினில் டூட்டி சைக்கிள் என்று எழுதியிருக்கும், பார்த்திருப்பீர்கள். 60% என்றால், அந்த ஆம்பியரில் 10 நிமிடத்துக்கு 6 நிமிடம்தான் பற்ற வைக்கலாம். மீதி 4 நிமிடம் ஆறவிட வேண்டும். மீறினால் உள்ளே காயில் சூடேறும். ஒருநாள் வேலை முடிந்த கையோடு சுவிட்சை அணைத்துவிட்டேன். பட்டறை அண்ணன் கத்தினார்: "ஏண்டா தம்பி, கொஞ்ச நேரம் ஃபேன் ஓடட்டும்டா. இப்பவே ஆஃப் பண்ணிட்டா சூடு உள்ளேயே நிக்கும்ல?"

அப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை நான் ஃபேனையும் சேர்த்து அணைத்துக் கொண்டிருந்தேன்.

மனசுக்கு ஃபேன் எது? எனக்கு முதலில் உதவியது ஒரு துண்டுச் சீட்டு. அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தார் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நம் வயதை ஒட்டிய 57 பேரைப் படுக்கும் முன் 5 நிமிடம் எழுதச் சொன்னார்கள். முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, இனிச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கினார்களாம். விவரமாக எழுத எழுத இன்னும் சீக்கிரம். சின்ன ஆய்வுதான். ஆனாலும் சனி ராத்திரி 'கேட் கீல், திங்கள் 6 மணி, 3.15 ராடு' என்று எழுதி வைத்தால், அந்தக் கீல் என் தலையை விட்டு இறங்கிச் சீட்டில் உட்கார்ந்து கொள்கிறது. வெறுமனே 'பட்டறை வேலை' என்று எழுதினால் இறங்குவதில்லை!

அடுத்தது, ஊர்க் கிணற்றில் நீச்சல். தண்ணீருக்குள் கீலை நினைத்தால் மூக்கில் தண்ணீர் ஏறும்.

இதையெல்லாம் விடப் பெரிய தடை ஒன்று உண்டு. அப்பா சுமை தூக்குகிறார். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. அவர் ஞாயிறும் கிளம்பும்போது நான் துண்டை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போவதா? முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களுக்கு இந்தக் கூச்சம் புரியும். நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையில் பம்பாய் மில் தொழிலாளர்கள் பல வருடம் கேட்டு, 1890 ஜூன் 10 அன்றுதான் ஞாயிறு விடுமுறையை வாங்கினார்கள். அது மில் கேட்டுக்குள் வந்தது. எங்கள் வீட்டுக்கு இன்னும் வரவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு லோடு வரவில்லை. அப்பாவைக் கிணற்றுக்குக் கூட்டிப் போனேன். படியில் உட்கார்ந்து, "நாளைக்கு லாரி வருமோ என்னமோ" என்றே சொல்லிக் கொண்டிருந்தார். அரைமணி கழித்துத்தான் சட்டையைக் கழற்றினார்.