ஈனும் பருவத்திற்குச் செம்மறியை ஆயத்தஞ் செய்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நெல்லும் மரக்கறியும் செய்யும் கமக்காரர் சிலர், எருவுக்கும் இறைச்சிக்குமாக வீட்டிலே நாலைந்து நாட்டுச் செம்மறிகளையும் வளர்த்து வருகின்றனர். எருவிற் காட்டும் கவனத்திற் பாதியேனும் சினை மறிக்குக் காட்டப்படுவதில்லை. மாரி மழையில் நனைந்த கொட்டிலில் விழுங் குட்டி அன்றிரவே விறைத்து இறப்பதுண்டு.

செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். ஆகவே கிடாய் சேர்ந்த நாளைக் குறித்து வைத்தல் வேண்டும்; நாளறியாமல் ஆயத்தஞ் செய்வது எங்ஙனம்? கருவின் வளர்ச்சியிற் பெரும்பங்கு கடைசி ஆறு கிழமைகளிலேயே நிகழ்கின்றது. அப்பொழுது வயிற்றில் இடங் குறைவதால் மறி ஒரே தடவையில் மிகுதியாகத் தின்னமாட்டாது. எனவே புல்லுங் குழையும் குறைவின்றிக் கொடுப்பதோடு, தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்குங் கலந்த தீனியைச் சிறுகத் தொடங்கி, நாளொன்றுக்கு 200 கிராம் வரை உயர்த்தி, இருவேளையாகப் பிரித்துக் கொடுக்க. இரட்டைக் குட்டி சுமக்கும் மறி தீனி போதாவிடில் தள்ளாடிப் படுத்துவிடும். உடனே மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும். முற்றத்திற் காயவிட்ட நெல்லை வயிறாரத் தின்னவும் விடலாகாது. இரைப்பை புளித்து உயிருக்கே கேடாகும். மாட்டுக்கென விற்குந் தாதுக் கலவையிற் செம்பு மிகுந்திருக்கலாம். அது செம்மறிக்கு நஞ்சு.

ஏற்புவலித் தடுப்பூசியை ஈனுவதற்கு நான்கு கிழமை முன்னர் வைத்தியரைக் கொண்டு ஏற்றுவித்தால், தாயின் கடும்புப்பால் வழியே குட்டிக்குங் காப்புக் கிடைக்கும்.

கொட்டிலின் ஒரு மூலையைக் கூட்டி உலர்த்தி, வாடைக்காற்றுப் படாது கிடுகால் மறைத்து, வைக்கோல் பரப்புக. சலாகைத் தட்டில் ஈனவிடலாகாது; இடைவெளியிற் குட்டியின் கால் அகப்படும்.

மடி கனத்து, விலாப் பக்கம் குழிந்து, மறி தனித்து நின்று நிலத்தைப் பிறாண்டுமாயின் ஈனும் நேரம் நெருங்கிற்று. முன்னங்கால் இரண்டும் அவற்றின்மேல் மூக்குமாக வருதலே இயல்பு. ஒரு மணி நேரம் முக்கியும் ஒன்றுந் தோன்றாவிடில், இழுத்துப் பார்ப்பதை விடுத்து வைத்தியரை நாடுக.

குட்டியின் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடைத்துத் தாய் நக்கவிடுக. தொப்புட் கொடியை அயடீன் கரைசலில் தோய்த்தல் அவசியம். முதல் இரண்டு மணி நேரத்துள் கடும்புப்பால் குடித்தாக வேண்டும். ஒருநாள் கழிந்தபின் அதிலுள்ள நோயெதிர்ப்புச் சத்தைக் குடல் ஏற்கமாட்டாது. கடும்புப்பாலைக் கறந்து வீசுவோர் இன்னும் உளர். தாய்க்குப் பாலில்லையேல் அண்மையில் ஈன்ற வேறொரு மறியின் கடும்புப்பாலைக் கறந்து ஊட்டலாம்.

தலையீற்று மறி சிலவேளை குட்டியை உதைத்துத் தள்ளும். இரண்டையும் ஓரிரு நாள் சிறு அடைப்பில் ஒன்றாக வைத்து, மறியைப் பிடித்து நிறுத்திப் பால் குடிக்கச் செய்தால் பெரும்பாலும் இணங்கிவிடும்.