உரம் குறையவில்லை... மக்காச்சோளம் ஏன் வெளுக்கிறது?

உடுமலை, குடிமங்கலம், பல்லடம் பக்கம் மக்காச்சோளம் போடுபவர்கள் கவனித்திருப்பீர்கள். முளைத்த சில வாரங்களில், இளம் இலைகளில் நடுநரம்பின் இருபக்கமும் வெளிறிய பட்டை விழும். தழைச்சத்து போதவில்லை என்று யூரியாவைக் கூட்டினால் பணம்தான் கரையும். அது துத்தநாகச் சத்துக் குறைபாடு.

'வருஷா வருஷம் உரம் போடுகிறோமே, சத்து எங்கே போனது?' என்று கேட்கலாம். பதில் பக்கத்திலேயே, கோவை வேளாண் பல்கலைக்கழக வயலில் இருக்கிறது. அங்கே நிரந்தர எரு ஆய்வு 1909-ம் ஆண்டிலேயே தொடங்கியது. 1972 முதல் கேழ்வரகு, மக்காச்சோளத்தை மாற்றி மாற்றிப் பயிரிட்டு நீண்டகால உர ஆய்வும் நடக்கிறது. ஒரு பாத்திக்கு ரசாயன உரம் மட்டும். இன்னொன்றுக்கு அதே உரத்துடன் ஹெக்டேருக்கு 10 டன், அதாவது ஏக்கருக்கு 4 டன் தொழு உரம். தொழு உரமும் சேர்ந்த பாத்தியில்தான் பயிருக்குக் கிடைக்கும் துத்தநாகமும் இரும்பும் அதிகம், மகசூலும் அதிகம்.

காரணம் எளிது. தழை, மணி, சாம்பல் சத்துகள் மட்டும் கொடுத்தால் விளைச்சல் கூடும். கூடிய விளைச்சல் நுண்ணூட்டங்களை எடுத்துப்போகும், திரும்ப வருவதில்லை. டி.ஏ.பி.யை அளவுக்கு மீறிப் போட்டால், மணிச்சத்து மிகுந்து துத்தநாகம் பயிருக்குச் சேராமல் தடைபடும். நம் சுண்ணாம்பு மண்ணில் துத்தநாகமும் இரும்பும் இருந்தாலும் கரையாமல் கட்டுண்டு கிடக்கும். தொழு உரம் மட்கும்போது வரும் அங்கக அமிலங்கள் அவற்றைப் பிடித்துவைத்து வேருக்குக் கொடுக்கும். தொழு உரத்திலும் கொஞ்சம் நுண்ணூட்டம் உண்டு.

என்ன செய்யலாம்?

மண் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது நுண்ணூட்டங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். துத்தநாகம் 1.2 பி.பி.எம்.முக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து, விதைப்புக்கு முன் தூவுங்கள். டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட்டோடு கலக்க வேண்டாம். நின்ற பயிரில் பட்டை தெரிந்தால், 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட், 100 கிராம் யூரியா கரைத்து இலையில் தெளிக்கலாம்.

நுண்ணூட்டக் கலவை வாங்கினால் நேரடியாகத் தூவாதீர்கள். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தொழு உரம் சேர்த்து, ஈரம் காயாமல் ஒரு மாதம் நிழலில் வைத்திருந்து போடுங்கள்.

மாடு குறைந்த வீடுகளில் ஏக்கருக்கு 4 டன் திரட்டுவது சிரமம்தான். பல்லடம் பக்கம் கோழி எரு கிடைக்கிறது. நன்றாக மட்கவைத்த பிறகே வயலுக்குக் கொண்டுபோங்கள். தக்கைப்பூண்டு, சணப்பு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவதும் கைகொடுக்கும். மூட்டை உரத்தை அடியோடு நிறுத்தத் தேவையில்லை. அதைத் தனியாக விடாமல் இருந்தால் போதும்.