ஆறு மாதப் பன்றி

கோடை வந்தால் ஜப்பானில் இறைச்சிக்கூடத்துக்குப் போகும் பன்றிகள் சிலவற்றின் இரத்தம் ஆய்வகத்துக்குப் போகும். ஊர்க் கொசுக்களிடம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் வந்துவிட்டதா என்பதை அந்த இரத்தம்தான் சொல்லும். 1965 முதல் நடந்துவரும் வேலை இது.

நெல்வயல் நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுதான் இந்த வைரஸைச் சுமக்கிறது. பன்றியின் உடம்பில் ஏறினால் சில நாட்களுக்கு மளமளவென்று பெருகும். அப்போது அந்தப் பன்றியைக் கடிக்கும் கொசுக்களுக்கும் தொற்றிவிடும். மனித இரத்தத்தில் அந்த அளவுக்குப் பெருகாது. பன்றியோ பெரும்பாலும் ஒன்றுமே நடக்காததுபோலத் தின்றுகொண்டிருக்கும். சினைப் பன்றி செத்த குட்டிகளை ஈனும்போதுதான் பண்ணைக்காரருக்கே சந்தேகம் வரும்.

சோதனைக்கு ஆறு மாதப் பன்றியாகப் பார்த்து எடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சீம்பாலில் தாய் கொடுத்த எதிர்ப்புப் புரதம் அந்த வயதுக்குள் கரைந்திருக்கும். போன வருடக் கொசுவை அந்தப் பன்றி பார்த்ததும் இல்லை. ஆகவே இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருந்தால் அது இந்த வருடக் கடி. கிழட்டுப் பன்றியிடம் கேட்டால் பழைய கணக்கும் கலந்து வரும்.

சோதனை எளிமையானது. சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் சீரத்தைப் பத்து மடங்கு, இருபது, நாற்பது என்று நீர்த்துக்கொண்டே போவார்கள். அதில் வைரஸ் புரதத்தையும், பிறகு கூஸ் வாத்தின் சிவப்பணுக்களையும் விடுவார்கள். எதிர்ப்புப் புரதம் இருந்தால் அது வைரஸைக் கட்டிப்போட்டுவிடும். சிவப்பணுக்கள் வழுக்கி அடியில் இறங்கிக் குங்குமப் பொட்டுபோல உட்காரும். இல்லாவிட்டால் வைரஸ் அணுக்களை ஒன்றோடொன்று கோத்துவிட, குழி முழுக்க மெல்லிய சிவப்புப் படலம் பரவும். கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

அடுத்தது, கடி எப்போது பட்டது? அதற்கு மெர்காப்டோஎத்தனால் என்ற திரவம் உண்டு. அழுகிய முட்டை நாற்றம். மூக்கைப் பொத்தாமல் முடியாது. தொற்றியதும் முதலில் உருவாகும் ஐஜிஎம் புரதத்தை மட்டும் அது உடைத்துவிடும். திரவம் கலந்த பிறகு பொட்டு காணாமல் போனால், தொற்று புத்தம் புதியது என்று பொருள்.

ஜப்பானில் இன்று மனிதர்களுக்கு இந்நோய் வருவது அரிது, தடுப்பூசியின் புண்ணியம். பன்றி இரத்தத்திலோ பொட்டு விழுந்துகொண்டுதான் இருக்கிறது. இந்தியாவில் இந்நோயாளிகள் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1955-ல், நம் வேலூர்ப் பகுதியில். உங்கள் மாவட்டத்தில் குழந்தைகளுக்கு இந்த ஊசி போடுகிறார்கள் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.