கருவுறுமுன்னே காப்பு

சில ஆண்டுகளுக்கு முன் எம் வகுப்பில் மாணவன் ஒருவன் இருந்தான். வினவினால் விடை பகரான். கவனமற்றவன் எனக் கருதிப் பன்முறை கடிந்தோம். அவன் பிறவியிலேயே செவிப்புலன் குறைந்தவன் என்பதைப் பின்னரே அறிந்து நாணினோம். அவன் அன்னையோ, சூல்கொண்ட காலத்திற் கிரகணத்தன்று வெளியே சென்றமையே காரணமென ஊரார் உரைத்த பழியைப் பல்லாண்டு சுமந்தவர். யாம் வைத்தியர் அல்லேம். எனினும் அத்தகைய பழி நீங்கும்பொருட்டு, வைத்திய நூலார் கண்ட உண்மைகள் சிலவற்றை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

பிறவிக் குறைகள் பலவற்றின் காரணம் இன்னும் அறியப்படவில்லை. அறியப்பட்டவற்றுட் கிரகணத்திற்கு இடமில்லை. 1941ஆம் ஆண்டிலே சிட்னி நகரத்துக் கண் வைத்தியர் நோர்மன் கிரெக், கண்புரையுடன் பிறந்த குழந்தைகள் பலரைக் கண்டார். அவர்தம் தாய்மாருட் பெரும்பாலோர் கருவுற்ற தொடக்கத்தில் ஜேர்மன் சின்னமுத்தால் வருந்தியவர் என்பதை அறிந்து வெளியிட்டார். அந்நோய் கருவின் செவியையும் இருதயத்தையும் தாக்குவதும் தெளிவாயிற்று. இலங்கையில் 1996ஆம் ஆண்டிலே பெண்களுக்கு இந்நோய்த் தடுப்பூசி ஏற்றத் தொடங்கினர். 2020ஆம் ஆண்டில், நோய் இந்நாட்டில் ஒழிக்கப்பட்டதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கதவடைத்திருந்தமையால் அன்று, ஊசி ஏற்றியமையால் விளைந்த பயன் இது.

மூளைக்கும் முள்ளந்தண்டு வடத்திற்கும் முதலாகிய குழல், கருத்தரித்து ஏறக்குறைய 28 நாளில் மூடிவிடும். தாம் கருவுற்றிருப்பதைப் பல பெண்கள் அப்பொழுது அறிந்திரார். ஆதலின் போலிக் அமிலத்தை நாடோறும் 400 மைக்கிரோகிராம் வீதம், கருவுறுதற்கு ஒரு மாதம் முன்னரே தொடங்கி முதல் மூன்று மாதமும் உட்கொள்ளல் வேண்டும். முன்னர்க் குறையுள்ள பிள்ளையைப் பெற்றோர்க்கு அளவு மிகுதியாகும். அதனை வைத்தியரே விதிப்பர். நீரிழிவுடையோரும் கருவுறுமுன்னரே சர்க்கரையைக் கட்டுப்படுத்தல் நன்று. இன்றேல் சிசுவின் இருதயமும் முள்ளந்தண்டும் ஊறுபடக்கூடும்.

துறைமுகத்தாராகிய எமக்கு மீனின்றி உணவில்லை. கருவுற்றோர்க்கு மீன் நல்லதே. ஆயினும் பிற மீன்களைத் தின்று வளரும் சுறா, தளப்பத்து முதலிய பெருமீன்களின் உடலிற் பாதரசம் மிகுதியாகச் சேரும். அது சிசுவின் மூளைக்குத் தீது. சூடை, சாளை, நெத்தலி என்பவற்றை அச்சமின்றி உண்ணலாம். மதுவும் புகையும் அறவே ஆகா. கணவன் வீட்டினுள் விடும் புகையும் கருவைச் சென்றடையும்.

பழைய மாணவர்களே, பிள்ளையின் குறைக்குத் தாயை மட்டும் நோக்கும் வழக்கம் நம்மிடை இன்னும் உண்டு. மணமுடித்தவுடன் கணவனும் மனைவியும் ஒருங்கே சென்று ஊர் மருத்துவ மாதைக் காண்க. இன்று பயிலும் மாணவர்கள் இச்செய்தியைத் தமக்கையர்க்கும் அண்ணன்மார்க்கும் சொல்க. எம்மைப்போன்ற ஆசிரியர்களோ, விடை பகராத பிள்ளையைக் கடியுமுன் அவன் செவி கேட்கின்றதா என ஒருமுறை சோதித்துப் பார்ப்போமாக.