கேமராவுக்குப் பின்னால் நிற்பவருக்கு உளவியல் எதற்கு?

உளவியலை முதன்மைப் பாடமாகக் கொண்ட படிப்புகளைத் தொலைநிலைக் கல்வியிலோ இணையவழியிலோ இனி நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஆகஸ்ட்டில் அறிவித்தது. உடல்நலம் சார்ந்த தொழில்களை முறைப்படுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்புக்குள் உளவியலும் வருகிறது என்பதே இதற்குச் சொல்லப்பட்ட அடிப்படை. பாதிக்கப்பட்ட ஒருவரின் எதிரே ஒருநாள்கூட அமர்ந்து பயிற்சி பெறாதவர், மனநல ஆலோசகர் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்வதைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், அறிவிப்பு வந்த சில நாள்களில் காட்சித் தொடர்பியல் துறையில் பணிபுரியும் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “அப்படியானால், எங்கள் மாணவர்களுக்கு நீங்கள் எடுக்கும் இணைய வகுப்பும் நின்றுவிடுமா, சார்?”

நிற்காது. தடை முழுப் படிப்புகளுக்குத்தான். ஒரு கல்லூரி தன் வழக்கமான மாணவர்களுக்கு ஏற்பாடு செய்யும் சிறப்பு வகுப்புகளுக்கு அல்ல. எனினும், அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் அனுமானம் கவனத்துக்கு உரியது. உளவியல் என்றாலே சிகிச்சை என்று நாம் பழகிவிட்டோம். மனிதர் எதைக் கவனிக்கிறார், எதை நினைவில் வைக்கிறார், எதை நம்புகிறார் என்று ஆராயும் பெரும்பகுதி நம் பேச்சில் காணாமல் போய்விடுகிறது. திரைத்துறை மாணவருக்குத் தேவைப்படுவது அந்தப் பகுதிதான்.

பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்றவருக்கு இங்கே என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டேனியல் கானமன் ஓர் உளவியலாளர். மனிதர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதை விளக்க அவரும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் செய்த ஆய்வுகளை வகுப்பில் கற்பிக்காமல் எங்கள் தலைமுறைப் பேராசிரியர்களால் பணிக்காலத்தை முடித்திருக்க முடியாது. அந்த வழியாகவே நான் இந்த மாணவர்களிடம் வந்து சேர்ந்தேன்.

சினிமாவுக்கும் உளவியலுக்குமான உறவு புதியதும் அல்ல. ஹார்வர்டில் உளவியல் கற்பித்த ஹியூகோ மன்ஸ்டர்பெர்க், பேசாப்படக் காலமான 1916லேயே திரைப்படத்தின் உளவியலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அண்மைக்காட்சி நம் கவனத்தின் வேலையைச் செய்கிறது, பின்னோக்குக் காட்சி நினைவின் வேலையைச் செய்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். மாணவர்களுக்கு இதைச் சொன்னவுடன் புரிகிறது. அன்றாடம் கையாளும் கருவியைப் பற்றித்தானே பேசுகிறோம்.

உண்மையான கற்றல் நடப்பது பாடநூலில் இருப்பதைச் சோதித்துப் பார்க்கும்போதுதான். படத்தொகுப்பு கற்கும் எவருக்கும் குலஷோவ் விளைவு தெரிந்திருக்கும். ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலஷோவ், உணர்ச்சி காட்டாத ஒரு நடிகரின் முகத்தை ஒருமுறை சூப் கிண்ணத்தோடும், ஒருமுறை சவப்பெட்டியோடும், ஒருமுறை ஒரு பெண்ணோடும் இணைத்துக் காட்டினார். பார்வையாளர்கள் அதே முகத்தில் பசியையும் துயரத்தையும் விருப்பத்தையும் கண்டார்கள் என்பது கதை. மூலப்படம் இன்று நம்மிடம் இல்லை. 1992இல் பிரின்ஸ், ஹென்ஸ்லி ஆகிய இருவர் இதை மீண்டும் செய்துபார்த்தபோது எதிர்பார்த்த விளைவு கிடைக்கவில்லை. பின்னர் வந்த வேறு சில ஆய்வுகள், சூழல் முகத்தின் பொருளை மாற்றவே செய்கிறது என்று காட்டின. ஆக, திரைப்படப் பள்ளிகளில் வேதவாக்காகச் சொல்லப்படும் ஒன்று இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

இந்தச் சோதனைக்குக் கைப்பேசி போதும். ஒரு முகத்தைப் படமெடுத்து, மூன்று வெவ்வேறு காட்சிகளோடு வெட்டி ஒட்டி, மூன்று துண்டுகளாக்கி வரச் சொல்கிறேன். முதல்முறை பலர் மூன்றையும் வரிசையாக வீட்டிலிருக்கும் அம்மாவிடமே காட்டிவிடுகிறார்கள். இரண்டாவது துண்டைப் பார்த்ததுமே அம்மா சோதனையின் நோக்கத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார். மகனுக்குப் பிடித்த பதிலையும் தந்துவிடுகிறார்! ஒருவர் ஒரு துண்டை மட்டுமே பார்க்க வேண்டும், “சோகமாக இருக்கிறாரா?” என்று கேட்காமல், “இவர் என்ன நினைக்கிறார்?” என்று திறந்த கேள்வியாகக் கேட்க வேண்டும் என்பதை அப்போதுதான் அவர்கள் உணர்கிறார்கள். நாளை தங்கள் படத்தை நண்பர்களுக்குப் போட்டுக்காட்டி, “எப்படி இருக்கு, நல்லா இருக்குல்ல?” என்று கேட்கப்போகிறவர்கள் அவர்கள். கேள்வியிலேயே பதிலை வைத்துக் கேட்பவருக்கு உண்மை கிடைக்காது என்று நான் ஒரு மணிநேரம் விரிவுரை ஆற்றியிருந்தால் யாருக்கும் பதிந்திருக்காது.

இணைய வகுப்பு இதில் எங்கே உதவுகிறது? நேரடி வகுப்பில் துணிச்சலான ஒரு மாணவர் முதலில் பதில் சொன்னால், மற்றவர்களின் பதில் அதையொட்டியே சாய்ந்துவிடும். இணையத்தில், எல்லோரும் பதிலைத் தட்டச்சு செய்துவைத்து, நான் சொன்ன பிறகு ஒரே நேரத்தில் அனுப்பச் சொல்கிறேன். நாற்பது பேரின் நாற்பது பதில்கள் ஒன்றையொன்று பார்க்காமல் வந்து விழுகின்றன. 1944இல் ஹைடரும் சிம்மெலும் தயாரித்த சிறு அசைவுப்படத்தை இப்படிக் காட்டுவேன். இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் ஒரு பெட்டியைச் சுற்றி நகர்கின்றன, அவ்வளவுதான். ஆனால் வரும் பதில்களில் கொடுமைக்காரனும் காதலர்களும் தப்பியோட்டமும் நிறைந்திருக்கும். முகமே இல்லாத வடிவங்களுக்கு நோக்கம் கற்பித்துக் கதை கட்டுவது நம் மனதின் இயல்பு. திரைக்கதை எழுதுபவர் பார்வையாளரை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

தொல்லைகளும் இல்லாமல் இல்லை. திரைப்பகிர்வில் ஓடும் காணொளி திக்கித் திணறும். வெட்டு விழும் கணம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகத் தெரியும். எனவே, கோப்புகளை முன்னதாகவே அனுப்பிவிட வேண்டியிருக்கிறது. இது சிறு விஷயம்.

முகங்கள் தெரியாமல் இருப்பது அப்படியல்ல. மனநோய், தற்கொலை போன்றவற்றைத் திரையில் எப்படிக் காட்டுவது என்ற பகுதிக்கு வரும்போது, கேமராவை அணைத்துவைத்திருக்கும் மாணவர் எந்த நிலையில் கேட்கிறார் என்பதை அறிய வழியில்லை. தன் குடும்பத்தில் அத்தகைய இழப்பைச் சந்தித்தவர் அங்கே இருக்கலாம். அந்தப் பகுதியைத் தவிர்க்கவும் முடியாது. 2005இல் வெளிவந்த ‘சந்திரமுகி’, ‘அந்நியன்’ இரண்டும் ஓர் உடலில் வேறோர் ஆளுமை வெளிப்படுவதைப் பெருவெற்றிக் கதைகளாக்கின. அதையே ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்று எண்ணுவோர் இன்றும் உள்ளனர், இரண்டும் வெவ்வேறு. ‘மனச்சிதைவு’ என்ற நம் கலைச்சொல்லே அந்தக் குழப்பத்துக்குத் துணைபோகிறது என்பது என் கருத்து. மின்னதிர்வுச் சிகிச்சையைச் சித்திரவதைக் காட்சியாகவே பார்த்து வளர்ந்திருக்கிறோம். ஆனால், மயக்க மருந்தும் தசைத்தளர்வு மருந்தும் இல்லாமல் அதைச் செய்வதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது என்பது திரைக்கதை எழுதும் பலருக்குத் தெரியாது. தற்கொலையைச் சித்திரிப்பது குறித்துத் திரைத்துறையினருக்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அதில் சொல்லப்படுபவை தணிக்கைக் கட்டளைகள் அல்ல. படைப்பாளி எடுக்கக்கூடிய முடிவுகள்.

எனவே, இந்தப் பகுதியை மட்டும் இணையத்தில் நடத்த மறுத்துவிட்டேன். கல்லூரிக்கே நேரில் சென்று, மனநல மருத்துவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டுதான் நடத்துகிறோம். ‘டெலி மானஸ்’ உதவி எண்ணான 14416ஐ வகுப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். நேரில் நடக்க வேண்டியது எது, திரையில் நடக்கக்கூடியது எது என்ற இந்தப் பிரிவினை பாடத்துக்குள்ளேயே ஓடுகிறது. முழுப் படிப்பையும் ஒரே கோட்டால் பிரிக்கும் விதிமுறைகளால் அதைக் காண இயலாது.

கல்லூரி நிர்வாகங்களுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. இணையவழிதானே, நாற்பது பேருக்குப் பதில் நானூறு பேரைச் சேர்த்தால் என்ன என்று கேட்கிறார்கள். விரிவுரையைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. கூடுதலாக ஒருவர் கேட்பதற்கு ஆகும் செலவு ஏறக்குறைய பூஜ்யம். ஆனால், ஒரு மாணவரின் மூன்று துண்டுகளையும் பார்த்து, அவர் கேட்ட கேள்விகளைப் படித்துக் கருத்து எழுத எனக்கு இருபது நிமிடங்கள் ஆகின்றன. நாற்பது பேருக்குப் பதின்மூன்று மணிநேரத்துக்கு மேல். நானூறு பேருக்கு நூற்று முப்பது மணிநேரத்தைத் தாண்டும். நிகழ்த்துகலைகளின் செலவை ஆராய்ந்த பொருளியலாளர்கள் பாமோலும் போவனும் 1966இலேயே இதைச் சுட்டிக்காட்டினர்: தொழிற்சாலையில் ஒரு பொருளுக்கு ஆகும் உழைப்பு நேரம் குறைந்துகொண்டே வரலாம், இசைக்குழு ஒரு படைப்பை வாசித்து முடிக்கும் நேரம் குறைவதில்லை. மாணவரின் படத்தைப் பார்ப்பதும் அந்த வகை உழைப்புதான். அதற்கான ஊதியத்தையும் ஆட்களையும் ஒதுக்கிவிட்டு நானூறு பேரைச் சேர்ப்பதானால், எனக்கு ஆட்சேபம் இல்லை.