போர்டு போய்விட்டதா? முதலில் சால்டரைப் பாருங்கள்

சார்ஜர் பின்னைச் சற்று அசைத்தால் லேப்டாப்பில் சார்ஜ் ஏறுகிறது. கையை எடுத்தால் நின்றுவிடுகிறது. மானிட்டரைத் தட்டினால் படம் வருகிறது. ஸ்பீக்கர் சூடானதும் ஒரு பக்கம் ஊமையாகிறது. இத்தகைய கோளாறுகளைக் கண்டவுடன் புதிய போர்டுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

சென்ற தீபாவளிக்கு எங்கள் ஊரான கீரமங்கலத்திற்குச் சென்றிருந்தேன். பூ கமிஷன் மண்டி வைத்திருக்கும் சித்தப்பாவின் லேப்டாப்பில் சார்ஜ் ஏறவில்லை. விவசாயிகளுக்குத் தர வேண்டிய பாக்கிக் கணக்கு முழுவதும் அதில்தான் இருந்தது. மதர்போர்டை மாற்ற 8,000 ரூபாய் ஆகும் என்று ஒரு கடையில் கூறியிருந்தார்கள். "பணம் கிடக்கட்டும் தம்பி, கணக்கு வருமா?" என்றார் சித்தப்பா. கணக்கு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. சார்ஜ் ஏறாததால் அது அழியாது. ஆனாலும் பேட்டரி தீருவதற்குள் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்த பிறகே மற்ற வேலையைத் தொடங்கினேன்.

ட்ரை சால்டர் என்றால் என்ன?

போர்டில் உள்ள பாகங்களின் கால்களைச் சால்டர்தான் பிடித்திருக்கிறது. சூடாகும்போது பாகமும் போர்டும் வெவ்வேறு அளவில் விரிகின்றன. இது தினமும் நடப்பதால், சால்டரில் மயிரிழை போன்ற விரிசல் விழுகிறது. சார்ஜர் ஜாக் போன்று அடிக்கடி செருகி எடுக்கும் இடங்களில் இது விரைவில் வரும். மெக்கானிக்குகள் இதனையும் 'ட்ரை சால்டர்' என்றே அழைப்பார்கள்.

கண்டுபிடிப்பது எப்படி?

1. வேறொரு சரியான சார்ஜரைச் செருகிப் பாருங்கள். கோளாறு தொடர்ந்தால் சார்ஜர் காரணமல்ல.

2. சூட்டில் மட்டும் வருகிறதா, அசைத்தால் மாறுகிறதா என்று கவனியுங்கள். வந்து வந்து போகும் கோளாறு பெரும்பாலும் இணைப்புக் கோளாறே.

3. சார்ஜரை எடுத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிய பின், லென்ஸ் வைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். காலைச் சுற்றி மெல்லிய வளையம் தெரிந்தால் அதுதான் விரிசல்.

மங்கலாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 2006 ஜூலையில் ஐரோப்பாவில் காரீயத்திற்குக் கட்டுப்பாடு வந்த பிறகு, பெரும்பாலான சாதனங்களில் காரீயம் இல்லாத சால்டரே பயன்படுகிறது. அது இயல்பாகவே மங்கலாகத்தான் இருக்கும். மல்டிமீட்டரையும் முழுதாக நம்ப வேண்டாம்; விரிசலின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் நேரத்தில் அது 'சரி' என்றே காட்டும்.

சித்தப்பாவின் லேப்டாப்பில் ஜாக்கின் ஒரு காலைச் சுற்றி வளையம் தெளிவாகத் தெரிந்தது. கடைத்தெரு டிவி மெக்கானிக் பழைய சால்டரை எடுத்துவிட்டு, ஃப்ளக்ஸ் தடவிப் புதிதாக வைத்தார். செலவு 300 ரூபாய். பல லேப்டாப்களில் ஜாக் தனி ஒயரில் வரும். அவற்றில் ஒயரை மாற்றினாலே போதும்.

எச்சரிக்கை

பவர் சப்ளை, பழைய பிக்சர் டியூப் மானிட்டர் ஆகியவற்றைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் சப்ளையில் உள்ள கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சுமார் 325 வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கலாம்.

சூடு காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பாதீர்கள். லேப்டாப் கிராபிக்ஸ் சிப்களின் பேக்கேஜ் பொருள் பலவீனத்திற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக என்விடியா 2008 ஜூலையில் அறிவித்தது. சிப்பின் உள்ளேயே கோளாறு என்றால் சூடு காட்டுவது சில நாள் வைத்தியம்தான்.

அடுத்த முறை "போர்டு போய்விட்டது" என்று கடைக்காரர் கூறினால், "எந்த இடத்தில்?" என்று லென்ஸில் காட்டச் சொல்லுங்கள்.