பிள்ளைக்குக் கஞ்சி கெட்டியாக இருக்கட்டும்

பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பசியைப் பற்றி விருதுநகர் மாவட்டத்துக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1956-ல் மதிய உணவைத் தொடங்கிய காமராஜர் பிறந்த மண் இது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். ஆனால் ஒரு பிள்ளை எவ்வளவு வளரும் என்பது பெருமளவு முடிவாகிவிடுவது அதற்கெல்லாம் முன்பு, இரண்டு வயதுக்குள். அந்த வயதில் சோறு ஊட்டுவது வீடுதான்.

வத்திராயிருப்பு பக்கத்து வ. புதுப்பட்டியை எடுத்துக்கொள்வோம். மலையடிவாரம், பிளவக்கல் அணைத் தண்ணீர், நெல்லும் தென்னையும் விளைகிற வட்டாரம். பாலுக்கும் குறைவில்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. இப்படிப்பட்ட ஊர்கள் நிறைந்த தமிழ்நாட்டில், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ளவர்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. விளைச்சல் இருந்தும் இப்படியென்றால், குறை எங்கே?

பெரும்பாலும் கஞ்சியில். ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பால் மட்டும் போதாது. தாய்ப்பாலோடு தினம் சுமார் 200 கலோரி வேறு உணவிலிருந்து வர வேண்டும். ஒரு வயதுக்குப் பிறகு அதுவே 550 ஆகிறது. பிள்ளையின் வயிறோ சின்னது; ஏழு கிலோ எடையுள்ள குழந்தை ஒரு வேளைக்கு ஒரு டம்ளர் அளவுதான் கொள்ளும். அதில் பருப்புத் தண்ணியும் வடிகஞ்சியும் ஊற்றினால் வயிறு நிறையும், உடம்பு ஏறாது. “பிள்ளைக்குச் செரிக்காது” என்று நீர்க்கக் கரைப்பது பாசத்தால்தான். ஆனாலும் அது பட்டினிக்குச் சமம். கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பக்குவம் வேண்டும். அதில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ விட்டால் 40 கலோரி கூடும்.

கெட்டியாகக் கொடுத்தால் விழுங்க மாட்டேங்கான் என்பவர்களுக்கு வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. தானியம் முளைவிடும்போது மாவுச்சத்தை உடைக்கும் நொதி அதில் பெருகுகிறது. பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸும் அவருடைய குழுவினரும் 1980-களில் இதை அரிசிக் கஞ்சியிலேயே சோதித்துக் காட்டினார்கள். முளைகட்டி உலர்த்தி அரைத்த மாவு ஒரு சிட்டிகை போதும், கெட்டிக் கஞ்சி இளகிவிடும், சத்து குறையாது. கஞ்சியை இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்தபின் கலந்து, மறுபடி ஒரு கொதி விட வேண்டும். முளைகட்டிய கேழ்வரகை அரைத்து வைக்கும் வீடுகளுக்கு இது புதுச் செலவே இல்லை.

அடுத்தது இரும்புச்சத்து. பிறக்கும்போது சேர்த்துக்கொண்டு வந்த இருப்பு ஆறாம் மாதத்தோடு ஏறக்குறையத் தீர்ந்துவிடும். அந்த நேரம் பார்த்து டீயில் நனைத்த ரஸ்க்கும் பன்னும் கொடுக்கிறோம். டீ, உணவில் இருக்கும் இரும்பையும் உடம்பில் சேரவிடாது. ஒரு வயதுக்குள் மாட்டுப்பாலே முக்கிய ஆகாரமானாலும் இதே கதிதான். மசித்த முட்டை, வேகவைத்த ஈரல், முள் நீக்கிய கண்மாய் மீன், பருப்போடு கடைந்த கீரையில் ரெண்டு சொட்டு எலுமிச்சை, இதெல்லாம் ஏழாம் மாதத்திலிருந்தே கொடுக்கலாம். அரசு சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து டானிக் வாரம் இருமுறை, 1 மில்லி வீதம். ஒரு வயதுவரை தேன் கூடவே கூடாது.

இதையெல்லாம் யாரிடம் சொல்கிறோம் என்பதில்தான் எனக்குப் பெரிய ஆதங்கம். மில்லில் வேலை பார்க்கும் தாய்க்குச் சட்டப்படி கிடைப்பது 26 வார விடுப்பு. சரியாக ஆறு மாதம். கஞ்சி தொடங்க வேண்டிய வாரமும் ராஜபாளையம் மில்லுக்கு அவள் திரும்ப வேண்டிய வாரமும் ஒன்றே. நாற்று நடப்போகிற பெண்ணுக்கு அந்த விடுப்பும் கிடையாது. அப்புறம் கிண்ணம் அம்மாச்சி கைக்கோ அப்பத்தா கைக்கோ போகிறது. நாமோ அறிவுரையைத் தாய்க்கு மட்டும், அதுவும் பிரசவ வார்டில், சொல்லி முடித்துவிடுகிறோம். பால்வாடியில் கொடுக்கும் சத்துமாவைக் கொழுக்கட்டையாகப் பிடித்து வீடே தின்றால் அப்பத்தாவைக் குறை சொல்லிப் பயனில்லை. அது கைக்குழந்தையின் பங்கு என்று யாராவது அவரிடம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

அப்படிப் பேசிய காலம் ஒன்று இருந்தது. 1980-ல் மதுரை கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்துக்கும் வந்தது. இந்த வட்டாரம் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளை மாதாமாதம் நிறுத்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சுமார் 90 நாள் சத்துருண்டை. எடை தேறியதும் நிறுத்திவிடுவார்கள். அட்டையிலுள்ள கோட்டைத் தாயிடம் காட்டிப் பேசினார்கள். கடுமையான ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இறங்கியதாக மதிப்பீடுகள் சொல்கின்றன. நோய் வந்தபின் பார்க்காமல், எடை நின்ற மாதத்திலேயே பிடித்ததுதான் அதன் வெற்றி.

அந்தத் தராசும் அட்டையும் இன்றும் பால்வாடியில் இருக்கின்றன. அடுத்த எடை போடும் நாளில் வீட்டில் ஊட்டுகிறவர் யாரோ, அவரையே பிள்ளையோடு அனுப்புங்கள். எடை ஏறவில்லை என்றால் மறுமாதம் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்; அன்றைக்கே காரணம் கேளுங்கள்.